நோட்டுகளைப் போனுக்கு மாற்றும் முன்: குடியாத்தத்துத் தாய் ஒருவருக்கு

மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள், சேர்ந்த நோட்டும் ஜெராக்ஸும் கட்டிலடி வரை வந்துவிட்டன, எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள், அம்மா. ஏற்றலாம், ஆனால் எல்லாவற்றையும் வேண்டாம். கழிக்காமல் ஏற்றினால் வீட்டில் இடம் கிடைக்கும், தேடும் பாடு அப்படியே இருக்கும். தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லையென்றால் இப்போது தொடவே வேண்டாம். முடிந்தபின் செய்யட்டும்.

முதலில் பாடப்புத்தக ஜெராக்ஸ்களைக் கழியுங்கள். பள்ளிப் பாடநூல்கள் அரசுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்தது, சீனியர் அக்காக்கள் கொடுத்த பழைய நோட்டுகள். இவற்றில்தான் ஆபத்து அதிகம். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன. அதற்கு முன் எழுதிய நோட்டில் ஆற்காடும் ஆம்பூரும் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கும். மாநிலத்தின் மாவட்டக் கணக்கும் இன்றைய 38 ஆக இருக்காது. அதை அப்படியே ஏற்றிவிட்டால், அவசரத்தில் தேடும்போது தவறான விடைதான் முன்னால் வந்து நிற்கும்.

கணக்கு நோட்டு காகிதத்திலேயே இருக்கட்டும். 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கணக்கு. அது கை போட்டுப் பார்த்தால்தான் வரும். தமிழுக்கான 100, பொது அறிவுக்கான 75 ஆகியவற்றில் அவள் சொந்தமாக எழுதிய குறிப்புகளும் நடப்பு நிகழ்வுகளும்தான் ஏற்றத் தகுந்தவை.

இவற்றையெல்லாம் உட்கார்ந்து டைப் அடிக்க விடாதீர்கள், படிக்கும் நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும். கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதி போதும். வெறும் போட்டோ எடுத்தால் கல்யாணப் படங்களோடு கலந்துவிடும். ஸ்கேன் செய்தால் பக்கங்கள் ஒரே பிடிஎஃப் ஆகச் சேரும். ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி, கருத்த துணிமேல் தாளை வைத்து, காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் எடுக்கட்டும். நம் ஊர் உச்சிவெயிலில் கையின் நிழல் கறுப்பாக விழுந்து பென்சில் எழுத்து மறைந்துபோகும். ஃபிளாஷ் வேண்டாம், வழவழப்பான தாளில் நடுவே வெள்ளைத் திட்டு விழும். ஒரு பாடத்துக்கு ஒரு கோப்பு, 20 பக்கத்துக்குள். அதற்கு மேல் போனால் சாதாரண போனில் திறக்கவே நேரமாகும்.

பெயர் வைப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ‘ஸ்கேன் 14’ என்று கிடந்தால் ஒரு மாதத்தில் அது என்னவென்று அவளுக்கே தெரியாது. கையெழுத்துத் தமிழைச் செயலி சரியாகப் படிக்காது என்பதால், தேடினால் கிடைப்பது கோப்பின் பெயர் ஒன்றுதான். ‘வரலாறு 1806 வேலூர்ப் புரட்சி சிப்பாய் கலகம்’ என்று, வழங்கும் பெயர்கள் எல்லாவற்றையும் போடட்டும். நடப்பு நிகழ்வுக்கு ஆண்டும் மாதமும் முன்னால் வரட்டும்: 2025-03, 2025-04 என்று. அப்போது பட்டியல் தானாகவே வரிசையில் நிற்கும். புதிதாக டைப் செய்வதெல்லாம் யூனிகோடில், அதாவது எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறையில், இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு போனில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், தேடலிலும் சிக்காது.

கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி; மெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான் அது. வாட்ஸ்அப் குழுக்களில் வரும் பிடிஎஃப்களை அதில் கொட்ட வேண்டாம். ஞாயிறுதோறும் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்து, படிக்காததை அழித்துவிடச் சொல்லுங்கள். இன்னொரு பிரதி பென்டிரைவில் இருக்கட்டும். போன் தொலைந்து கடவுச்சொல்லும் மறந்துபோனால் அதுதான் கைகொடுக்கும்.

ஸ்கேன் ஆனதும் நோட்டைப் போட்டுவிடாதீர்கள். கோப்பின் பக்க எண்ணிக்கையும் நோட்டின் பக்க எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும், ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள் ஒன்றாகப் புரண்டுபோவது சகஜம். ஒரு மாதம் போனிலேயே திருப்புதல் செய்து பழகட்டும். கண்ணுக்கு ஒத்துவரவில்லையென்றால் தமிழ் இலக்கணக் குறிப்பை மட்டும் காகிதத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம், தவறே இல்லை.

பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் ஒவ்வொரு நோட்டையும் நீங்களே ஒருமுறை உதறிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட நோட்டுக்குள்தான் செருகிக் கிடக்கும். சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து தனி ஃபோல்டரில் வையுங்கள், விண்ணப்பிக்கும் நாளில் தேவைப்படும். மூலச் சான்றிதழை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்; சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்தால் அதைத்தான் நேரில் கேட்பார்கள்.