ராட்கா டோனெஃபை நார்வே இன்னும் மறக்காதது ஏன்?

ராட்கா டோனெஃப் நார்வேயின் ஜாஸ் பாடகி. 1982 அக்டோபரில், 30 வயதில் மறைந்தார். அவரை இன்னும் மறக்காததற்கு அதே ஆண்டு வந்த 'ஃபேரிடேல்ஸ்' இசைத்தொகுப்புதான் முக்கியக் காரணம். அதில் அவர் குரலும் ஸ்டீவ் டோப்ரோகோஸின் பியானோவும் மட்டுமே, டிரம்ஸ் கிடையாது. மின்சாரம் போய் மின்விசிறி நின்றதும், பக்கத்து அறையில் யாரோ மெல்லப் பேசுவது சட்டென்று காதில் விழுமே, அப்படித்தான். அவர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கும். கேட்டவர்கள் அதை மறப்பது கடினம் என்பது என் கட்சி. 2011இல் நார்வே இசைக்கலைஞர்கள் அதையே தங்கள் நாட்டின் மிகச் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பெயரில் நினைவுப் பரிசும் உண்டு.

பெயரைப் பார்த்து அவரைப் பல்கேரியப் பாடகி என்று நினைத்துவிடுகிறார்கள். அப்பாதான் பல்கேரியர், ராட்கா பிறந்தது ஓஸ்லோவில்.