வேகக் காருக்கு ஆயில் ஃபில்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய எண்கள்

கேள்வி: டர்போ பொருத்திய இரண்டு லிட்டர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். அன்றாடம் ஓட்டுவதோடு, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பந்தயத் தடத்திலும் ஓட்டுவேன். கார் நிறுவனம் சொன்ன ஆயில் ஃபில்டருக்குப் பதிலாக, ‘ரேஸிங்’ என்று பெட்டியில் அச்சிட்ட, இரு மடங்கு விலையுள்ள ஃபில்டரைப் போடச் சொல்கிறார்கள். அதில் ஆயில் தங்குதடையின்றி ஓடுமாம். வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு சொல்லை நம்பி வாங்காதீர்கள். ‘ரேஸிங்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பெட்டியில் அச்சிடலாம்; அதற்கென்று சோதனையும் இல்லை, வரையறையும் இல்லை. உங்கள் எஞ்சினுக்கு ஒரு ஃபில்டர் ஏற்றதா என்பதைச் சொல்லும் எண்கள் வேறு. அவற்றைத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேட வேண்டும்.

முதலில் ‘தங்குதடையின்றி ஓடும்’ என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான எஞ்சின்களில் உள்ள ஆயில் பம்ப், ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளும் வகையைச் சேர்ந்தது. ஃபில்டர் தாள் சற்று நெருக்கமாக இருந்தால், அநேக நேரங்களில் எஞ்சினுக்குப் போகும் ஆயிலின் அளவு குறைவதில்லை. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடுதான் கூடுகிறது. அந்த வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டியதும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே எஞ்சினுக்குள் விடும். ஆயிலே கிடைக்காமல் பேரிங் தேய்ந்து போவதைவிட அழுக்கு ஆயில் மேல் என்று கருதி வைத்த ஏற்பாடு அது. ஆகவே நீங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியது, இந்த ஃபில்டரின் பைபாஸ் எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பதையும், அது என் எஞ்சினுக்குக் குறிப்பிட்ட அழுத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும்தான். சாலைக் கார்களில் இது பெரும்பாலும் 0.6 முதல் 1.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். சில எஞ்சின்களில் அதற்கு மேலும் உண்டு. வரம்பு குறைவாக உள்ள ஃபில்டரைப் போட்டால், தடத்தில் எஞ்சினை உச்ச வேகத்தில் சுழற்றும்போது, வடிகட்டல் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்திலேயே வால்வு திறந்துவிடக்கூடும். சில எஞ்சின்களில் பைபாஸ் வால்வு எஞ்சின் பிளாக்கிலேயே அமைந்திருக்கும். அவற்றுக்கான ஃபில்டரில் வால்வு இருக்காது. அப்படிப்பட்ட ஃபில்டரை, பிளாக்கில் வால்வு இல்லாத எஞ்சினில் மாட்டினால், குளிர்ந்த கெட்டி ஆயிலின் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தாள் கிழியவோ நசுங்கவோ கூடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஃபில்டர்களை ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என்று கருதக் கூடாது.

அடுத்தது வடிகட்டும் திறன். ‘99%’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் என்று பாருங்கள். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். சுமை ஏறிய பேரிங்கில் ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். அந்தப் படலத்துக்குள் நுழையும் அளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் உள்ள துகள்களே தேய்மானத்தை அதிகம் உண்டாக்குகின்றன. ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனைமுறையின்படி ‘20 மைக்ரானில் 99%’ என்று சொல்லியிருந்தால் அது நல்ல ஃபில்டர். ‘40 மைக்ரானில் 99%’ என்றால் அதே 99-க்கு மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சிலர் பீட்டா எண்ணாகத் தருவார்கள்: பீட்டா 2 என்றால் அந்த அளவுத் துகளில் பாதி நிற்கும், 20 என்றால் 95%, 100 என்றால் 99%. மைக்ரான் எண்ணை மட்டும் எழுதிவிட்டு விழுக்காட்டைச் சொல்லாத பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

உங்களைப் போல ஓட்டுபவருக்கு, முழுக்கவும் சின்தெடிக் இழைகளால் ஆகி, பின்புறம் கம்பி வலை தாங்கிய வடிகட்டி நல்ல தேர்வு. சாதாரணக் காகித இழைகள் தடிமனில் ஒன்றுக்கொன்று வேறுபடும்; வெப்பத்தாலும் ஆயிலில் சேரும் ஈரத்தாலும் நாளடைவில் விறைத்துப்போகும். சின்தெடிக் இழை மெலிதாகவும் சீராகவும் இருப்பதால், நுண்ணிய துகளைப் பிடித்தபடியே ஆயிலையும் எளிதாக விடும், அழுக்கையும் அதிகம் தாங்கும். கூடுதல் விலை கொடுப்பதானால் இதற்குக் கொடுங்கள்.

டர்போ இருப்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபில்டர் படுக்கைவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டப்பட்டிருந்தால், எஞ்சினை நிறுத்திய பின் ஆயில் வடிந்து போகாமல் உள்ளே ஒரு ரப்பர் வால்வு தடுக்கும். நைட்ரைல் ரப்பர் வெப்பத்தில் இறுகி, ஓரம் சுருண்டுவிடும். சிலிகோன் நெடுநாள் நெகிழ்ந்தே இருக்கும். காலையில் எஞ்சினை முடுக்கியதும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் கேட்டு அடங்கினால், இந்த வால்வையும் சந்தேகிக்கலாம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போ தண்டுக்கு, ஆயில் வந்து சேராத அந்த விநாடிகள் சிறியவை அல்ல.

இவை எல்லாம் பொருந்தினால் அந்த விலை உயர்ந்த ஃபில்டரை வாங்குங்கள். எண்களைத் தர மறுத்தால், கார் நிறுவனத்தின் ஃபில்டரையே வாங்கி, அதைச் சொன்ன காலத்துக்கு முன்னதாக, தடத்தில் ஓட்டிய பிறகு ஆயிலோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். எந்த ஃபில்டர் ஆனாலும், ஆயில் சூடேறும் முன் எஞ்சினை முறுக்காதீர்கள். தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடேறச் சில நிமிடங்கள் ஆகும்.

கேள்வி: கழுவித் திரும்பப் பயன்படுத்தும் ஸ்டீல் வலை ஃபில்டர் ஒருமுறை வாங்கினால் போதும் என்கிறார்களே?

பதில்: சாலையில் ஓடும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வலைகளில் பல, நல்ல சின்தெடிக் ஃபில்டரைவிடப் பெரிய துகள்களை விட்டுவிடும். பந்தய அணிகளுக்கு அது பொருந்துகிறது. ஏனெனில் அவர்கள் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வலையில் உலோகத் துகள் சிக்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கிறது. வீட்டில் கழுவும்போது அழுக்கு வலையின் உட்புறத்துக்குப் போய்விட்டால், அது நேராகப் பேரிங்குக்குத்தான் போகும்.

கேள்வி: மரை ஒன்றாக இருந்தால், அதே குறுக்களவுள்ள நீளமான ஃபில்டரை மாட்டலாமா?

பதில்: மரை உண்மையிலேயே ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை என்ற அளவும், எம்20×1.5 என்ற அளவும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். முதலாவது 19.05 மில்லிமீட்டர், இரண்டாவது 20. அங்குல மரையுள்ள தண்டில் 20 மில்லிமீட்டர் ஃபில்டர் கையால் சுற்றினாலே ஏறிவிடும். கேஸ்கட் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) அமர்ந்து இறுகியது போலவும் தோன்றும். ஆனால் மரையின் பிடிப்பு மிகக் குறைவு. அழுத்தம் ஏறும்போது ஃபில்டர் கழன்று, மொத்த ஆயிலும் கீழே கொட்டிவிடலாம். இறுக்கும் முன் ஃபில்டரை இலேசாக ஆட்டிப் பாருங்கள். பழைய ஃபில்டரைவிட அதிகமாக ஆடினால் மாட்டாதீர்கள்.

மரையும் கேஸ்கட்டின் குறுக்களவும் பைபாஸ் அழுத்தமும் பொருந்தினால், நீளமான ஃபில்டரில் நன்மைதான்: வடிகட்டும் பரப்பு கூடும், தடை சற்றுக் குறையும். தாழ்த்தப்பட்ட காரில் அது தரையில் இடிக்காமல் இருக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதலாகப் பிடிக்கும் ஆயிலைக் கணக்கில் எடுத்து, அளவுக் குச்சியில் மட்டத்தை மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: போட்ட ஃபில்டர் நல்லதுதானா என்று பின்னால் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும், கழற்றியதைத் தூக்கி எறியாமல் வெட்டித் திறந்து பாருங்கள். இரும்பு ரம்பத்தால் அறுத்தால் அதன் துகளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் வெட்டுவதற்கென்றே சக்கரக் கத்தி வைத்த கருவி கிடைக்கிறது. அண்மையில், தெரிந்த ஒருவர் மலிவாக வாங்கிப் போட்டிருந்த ஃபில்டரை இப்படித் திறந்தேன். மடிப்புகள் ஒரு பக்கம் நெருங்கிக் குவிந்து, மறுபக்கம் விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தன. தாளின் இரு முனைகளை ஒட்டிய இடத்தில் பசை விட்டுப்போயிருந்தது. அந்தப் பிளவு வழியாக ஆயில் வடிகட்டப்படாமலே போய்க்கொண்டிருந்திருக்கிறது. வெளியே பூச்சும் எழுத்தும் பளிச்சென்றுதான் இருந்தன.

தாளைத் தனியே எடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெள்ளைத் துணியில் விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மின்னுவது பேரிங்கின் உலோகமாக இருக்கலாம். புது எஞ்சினில் பொடியாகச் சில மினுமினுப்புகள் தென்படுவது இயல்பு; நகத்தால் எடுக்கக்கூடிய செதில்கள் கிடைத்தால், காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டுங்கள். அந்தத் துணியையும் அப்படியே மடித்து வைத்திருந்து அவரிடம் கொடுங்கள்.