இரண்டு தொண்டை, ஒரு பாட்டு: வாசகர் கேள்வி பதில்

கே: அண்ணாச்சி, சுவீடன்ல இருந்து பாடுற 'ஃபர்ஸ்ட் எய்ட் கிட்'ங்கிற குழுவோட அக்கா தங்கச்சிக்கு நான் பெரிய ரசிகை. 2022 நவம்பர் 4ஆம் தேதி அவங்க ஆல்பம் 'பாலோமினோ' வந்ததுல இருந்து ஹாஸ்டல்ல அதுதான் ஓடுது. ரூம்ல இருக்கவளுவ, 'எல்லாப் பாட்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு, ஏட்டி, இதுல அப்படி என்ன இருக்கு'ன்னு கேக்காளுவ. என்ன சொல்லட்டும்?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

ப: வாதாடாதீங்க தங்கச்சி. ஹெட்போனை மாட்டிவிட்டு ஒரே ஒரு வேலை கொடுங்கள். மெட்டு எந்தக் குரலில் போகிறதோ அதை விட்டுவிட்டு, மற்றக் குரலை மட்டும் பாட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் பிடி நழுவும், எது யாருடைய குரல் என்று தெரியாமல் போகும், மறுபடி தேடிப் பிடிக்க வேண்டிவரும். அந்தத் தேடலில் மாட்டிக்கொண்டவர்கள் அப்புறம் விட மாட்டார்கள், நானும் அப்படி மாட்டியவன்தான்.

நம் காதுக்குப் பழகிய கூட்டுப்பாட்டில் எல்லாரும் ஒரே ஸ்வரத்தைத்தான் பாடுவார்கள், பஜனையானாலும் சரி, கும்மியானாலும் சரி. இவர்கள் பாடும்போது ஒருவர் ஸட்ஜமத்தில் ('ஸ') நிற்க, இன்னொருவர் காந்தாரத்திலோ ('க') பஞ்சமத்திலோ ('ப') நிற்கிறார். வார்த்தை ஒன்று, நேரம் ஒன்று, ஸ்வரம் வேறு. இளையராஜா புண்ணியத்தில் இது நமக்கு ஒன்றும் அந்நியமில்லை, ஆனால் பெரும்பாலும் வயலின் கூட்டத்திலும் கோரஸிலும்தான் கேட்டிருப்போம். இங்கே இரண்டே இரண்டு பேர், அதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அக்கா யோஹானா, தங்கை கிளாரா. ஒரே வாய்ப்பேச்சைக் கேட்டு வளர்ந்ததால் 'ஆ'வையும் 'ஓ'வையும் ஒரே மாதிரி திறக்கிறார்கள், வரி முடிகிற இடத்தில் ஒரே நேரத்தில் மூச்சு எடுக்கிறார்கள். 1950களில் அமெரிக்காவில் எவர்லி சகோதரர்கள் பாடியதிலும் இதே சங்கதிதான். பயிற்சியால் இதில் முக்கால்வாசி வந்துவிடும். மிச்சக் கால்வாசி கூடப் பிறந்தால்தான் வரும் என்று நான் நினைக்கிறேன்.

ஸ்டாக்ஹோமின் புறநகர்ப் பகுதியான என்ஷேடெயில் வளர்ந்தவர்கள். 2008இல் அக்காவுக்கு 17, தங்கைக்கு 15. காட்டுக்குள் உட்கார்ந்து கிதாரை வைத்துக்கொண்டு வேறொரு குழுவின் பாட்டைப் பாடி யூடியூபில் போட்டார்கள், அதில்தான் உலகம் இவர்களைக் கவனித்தது. 2010இல் வந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் அப்பாவே. அடுத்த இரண்டையும் மைக் மோகிஸ் என்பவரை வைத்து அமெரிக்காவின் ஒமாஹாவில் செய்தார்கள். 2018 ஆல்பம் போர்ட்லாண்டில் பதிவானது. கிளாராவின் காதல் முறிந்த பிறகு எழுதியது, முழுக்கத் துக்கம். 2022இல் வந்த 'பாலோமினோ' ஐந்தாவது ஸ்டுடியோ ஆல்பம். டேனியல் பெங்ட்சன் தயாரிப்பில் ஸ்டாக்ஹோமிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். முதல் ஆல்பத்துக்குப் பிறகு சொந்த ஊரில் பாடி முடித்தது இதுதான். அந்த நிம்மதி பாட்டில் நன்றாகவே தெரிகிறது. டிரம்ஸும் கீபோர்டும் தாராளமாக இருக்கின்றன, 70களின் ரேடியோப் பாட்டு மாதிரி ஒரு துள்ளல்.

எனக்கு ஒரு குறை உண்டு. முதல் பாட்டு மாதிரி சில இடங்களில் வாத்தியம் ரொம்ப முன்னால் வந்து குரல்களைப் பின்னால் தள்ளிவிடுகிறது. இவர்களிடம் வாத்தியம் கேட்கவா போகிறோம்? ஆனால் 'வைல்ட் ஹார்சஸ் டூ' வந்ததும் அந்தக் குறை போய்விடும். ஒரு ஜோடி நெடும்பயணம் போகிறது, வண்டியில் 'வைல்ட் ஹார்சஸ்' என்ற பழைய பாட்டு ஓடுகிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு பாடியது நன்றாக இருக்கிறதா, அமெரிக்கப் பாடகர் கிராம் பார்சன்ஸ் பாடியது நன்றாக இருக்கிறதா என்று இருவருக்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம். அவ்வளவுதான் விஷயம். யாரும் சண்டை போடவில்லை, யாரும் அழவில்லை, ஆனாலும் இவர்கள் பிரியப்போகிறார்கள் என்று கேட்கிறவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ரூம்மேட்டுகளுக்கு முதலில் இதைப் போடுங்கள். அடுத்து 'ஏஞ்சல்', அதைச் சத்தமாக வைக்க வேண்டும்.

கே: சுவீடன்காரங்க ஏன் அமெரிக்காக்காரன் பாட்டைப் பாடணும்? இதையெல்லாம் நாட்டுப்புறப் பாட்டுன்னு சொல்லலாமா?
— வாசகர், ஆலங்குளம்

ப: நாட்டுப்புறப் பாட்டு வேறு, இவர்கள் பாடும் ஃபோக்-பாப் வேறு. நாங்குநேரி தந்த பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்தாரே, அதில் இருக்கும் நடவுப்பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் எழுதியவர் பெயர் கிடையாது; வயலிலும் இழவு வீட்டிலும் வாய்வழியாக வந்தவை. ஃபோக்-பாப்பில் எழுதியவர் பெயர், மெட்டுப் போட்டவர் பெயர் எல்லாம் உண்டு. பழைய பாட்டின் எளிமையையும் கதை சொல்கிற விதத்தையும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதுகிறார்கள். அதனால் முதல் வகைக்கு வைக்கும் அளவுகோலை இதற்கு வைக்க வேண்டாம்.

அமெரிக்கப் பாட்டு ஏன் என்றால், சின்ன வயதில் கேட்டு மயங்கியது அது, வேறு காரணம் தேவையா? எம்மிலூ ஹாரிஸ் என்ற பெரிய அமெரிக்கக் 'கண்ட்ரி' பாணிப் பாடகியின் பெயரையே வைத்து 2012இல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். சுவீடனில் போலார் இசைப் பரிசு என்று ஒன்று கொடுப்பார்கள், இசையுலகில் ரொம்ப மரியாதைப்பட்ட விருது. 2015இல் அது எம்மிலூ ஹாரிஸுக்கே கிடைத்தபோது, விழா மேடையில் அவர் முன்னால் இந்த இரண்டு பேரும் பாடினார்கள். அதற்கு முன்னால் 2011இல் அமெரிக்கப் பாடகி பாட்டி ஸ்மித் அதே பரிசு வாங்க வந்தார், அவர் பாட்டை இவர்கள் பாட அவர் கண்ணீர் விட்டார். 2012இல் அதே பரிசு பெற்ற அமெரிக்கப் பாடகர் பால் சைமன், தன் பாட்டை இவர்கள் பாடி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார். அந்தப் பாட்டுகளுக்குச் சொந்தக்காரர்களே மனம் நிறைந்து ஏற்றுக்கொண்ட பிறகு நாம் பாஸ்போர்ட் கேட்பது நியாயமில்லை.

கே: நம்ம திருநவேலிப் பக்கம் ரெண்டு பேரு சேந்து பாடுற வழக்கம் உண்டும்லா? அதைப் பத்தி நாலு வார்த்தை எழுதுங்க.
— வாசகர், சேரன்மகாதேவி

ப: நாலு வார்த்தையில் அடங்காது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் வில்லுக்கு நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் நாணை அடித்துக் கதையைத் தொடங்குவார், பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். இந்த ஆமா போடுகிறவரை லேசாக நினைக்கக் கூடாது. அவர் வெறுமனே தலையாட்டுவதில்லை. கதை தொய்கிற இடத்தில் 'அப்புறம் என்ன ஆச்சு' என்று இழுத்துக் கொடுப்பார், புலவர் பாடிய அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார், புலவர் மூச்சு வாங்குகிற நேரத்தில் பாட்டு கீழே விழாமல் பார்த்துக்கொள்வார். உடுக்கையும் குடமும் கட்டையும் கூடச் சேர்ந்து வரும். குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழும் 'கும்' சத்தம் மைக் இல்லாத காலத்திலேயே தெருக்கோடி வரை கேட்டது.

கணியான் கூத்தில் இன்னும் நுட்பம். சுடலைமாடன் கொடை என்றால் மகுடம் என்ற தோல் வாத்தியம் இல்லாமல் முடியாது. மகுடம் இரண்டு, ஒன்று உச்சம், மற்றது மந்தம். ஒன்று மேலே பேச மற்றது கீழே பதில் சொல்லும். தலைமைப் பாடகரான அண்ணாவி பாடுவார், பின்பாட்டுக்காரர் அதை வாங்கி நீட்டுவார். ராத்திரி முழுக்க இப்படியே போகும், கேட்கிறவர்களுக்குத் தூக்கமே வராது.

ஆக, சுவீடன் அக்கா தங்கச்சி ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் பாடுகிறார்கள். நம் பக்கத்தில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார். முறை வேறு, ஆனால் இரண்டிலும் இரண்டாவது ஆள் துணைக்கு நிற்கும் எடுபிடி இல்லை, பாட்டில் பாதி அவருடையது. 2022 அக்டோபர் 10ஆம் தேதி 94 வயதில் மறைந்த வில்லுப்பாட்டுப் புலவர் சுப்பு ஆறுமுகம் ஐயா சத்திரம் புதுக்குளத்துக்காரர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்துப்போனவர், 2021இல் பத்மஸ்ரீ. அவரும் மகள் பாரதி திருமகனும் ஒரே மேடையில் பாடிய நிகழ்ச்சிகள் யூடியூபில் இருக்கின்றன. அப்பா வார்த்தையை முடிக்கும் முன்பே மகள் அதைப் பிடித்துவிடுவார். பாலோமினோ கேட்கிற பிள்ளைகள் அதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன்.

கே: ஆல்பத்தை மொத்தமாகக் கேட்கணுமா, பிடித்த பாட்டை மட்டும் கேட்டால் போதாதா?
— வாசகி, தென்காசி

ப: முதல் தடவை மொத்தமாக, வரிசை மாற்றாமல். 11 பாட்டுதான். அப்புறம் உங்கள் இஷ்டம்.

கே: எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைகள், எட்டாப்பும் அஞ்சாப்பும் படிக்குதுவ. ரெண்டும் நல்லாப் பாடும். சேர்ந்து பாட எப்படிப் பழக்க?
— ஒரு தாய், வீரவநல்லூர்

ப: முதலில் சுருதி. சுருதிப்பெட்டி வாங்க வேண்டாம், போனில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஓடவிட்டு, இரண்டு பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு 'ஸ' மட்டும் பிடிக்கட்டும், குரல் இரண்டும் ஒன்றாகும்வரை. அது கைவந்த பிறகு ஒருத்தி ஸ-வில் நிற்க மற்றவள் க-வுக்குப் போகட்டும். முதலில் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள், இரண்டு பேரும் ஒரே ஸ்வரத்துக்கு ஓடிவிடுவார்கள், திட்டாதீர்கள். ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு பாடினால் தன் குரல் தனக்குத் தெளிவாகக் கேட்கும், தடுமாற்றம் குறையும்.

பாட்டுக்கு வரும்போது நீங்கள் பாடிய தாலாட்டையே எடுங்கள். மெட்டு இருவருக்கும் மனப்பாடமாக இருக்கும், வேகமும் கிடையாது. மெட்டை இளையவளிடம் கொடுங்கள், அதுதான் சுலபம். மூத்தவள் மேல் ஸ்வரத்தைத் தேடட்டும். பாடியதைப் போனில் பதிவு செய்து அன்றைக்கே போட்டுக் காட்டுங்கள், எங்கே விலகினோம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடும். முடிந்தால் ஒரு பதிவை எனக்கும் அனுப்புங்கள், கட்டாயம் கேட்கிறேன்.