வைமார்ல மேசை நாற்காலியப் பாத்து என்ன பண்றது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

நாங்க ஜெர்மனில லைப்சிக்ல இருக்கோம். பையன் ஒன்பதாவது படிக்கிறான். அடுத்த மாசம் அவன் கிளாஸ ஒருநாள் டூரா வைமாருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. காலைல பழைய ஜெர்மன் எழுத்தாளருங்க கதே, ஷில்லர் இருந்த வீடுங்க, மத்தியானம் புகன்வால்ட் நாஜி வதைமுகாம். "எப்பவோ செத்துப்போனவங்க மேசை நாற்காலியப் பாத்து என்னம்மா பண்றது"ங்கறான். எனக்கு பதில் சொல்லத் தெரியல. நீங்க வைமார் போயிட்டு வந்தத எழுதியிருந்தீங்க, அதான் கேக்கறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நல்ல கேள்விதான் கேட்டிருக்கான். ஆனா அந்த மேசை நாற்காலியத்தான் பாக்கணும்னு சொல்லுங்க, மத்தத விட்டாலும் பரவால்ல. கதே வீட்டுக்குள்ள போனதும் பெரிய மாடிப்படி, மஞ்ச ரூம், ரோமானிய தேவதை ஜூனோவோட பிரம்மாண்டமான தலைச்சிலைன்னு வரிசையா வரும், கூட்டம் அங்கயே நின்னுடும். அதெல்லாம் மந்திரியா இருந்த கதே வர்றவங்களுக்காக வச்சிருந்தது. அவர் எழுதின ரூம் பின்கட்டுல, தோட்டத்தப் பாத்தமாதிரி இருக்கு. நடுவுல ஒரு மர மேசை, சோஃபான்னு ஒண்ணு கிடையாது, சொகுசான சாமான் சுத்தி இருந்தா தனக்கு யோசனை ஓடாதுன்னு அவரே தன்னோட உதவியாளர் எக்கர்மன்கிட்ட சொல்லியிருக்காரு. அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் உக்காந்து எழுதுவாரு, தன்னோட ஃபாவுஸ்ட் நாடகத்தோட ரெண்டாம் பாகத்த 1831ல முடிச்சது இந்த வீட்லதான். பக்கத்துலயே ஒரு குட்டி படுக்கையறை, 1832 மார்ச் 22ல அங்க நாற்காலில சாஞ்சபடியே உயிர் போச்சு. அவ்ளோ பெரிய வீட்ல அவர் வேலை பாத்தது, தூங்கினது எல்லாம் இந்தப் பின்பக்கம்தான்.

அங்கருந்து நடந்தே ஷில்லர் வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு மனசுல நின்னது இதுதான். 1802ல 4200 தாலருக்கு (அந்தக்கால ஜெர்மன் காசு), கடன உடன வாங்கி வாங்கின வீடு. மூணு வருசம்தான் இருந்தாரு, அதுவும் முழுக்க நோயோட. கூரைக்குக் கீழ இருக்கற மாடி ரூம்ல மேசையும் இருக்கு, கொஞ்சம் தள்ளி கட்டிலும் இருக்கு, வில்ஹெல்ம் டெல் நாடகத்த 1804ல முடிச்சாரு, அடுத்த வருசம் மே 9ல 45 வயசுல போயிட்டாரு. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவுல எத்தன அடின்னு பையன நின்னு பாக்கச் சொல்லுங்க, அந்த உடம்ப வச்சுக்கிட்டு ஒருத்தர் தினமும் எந்திரிச்சு வந்து அங்க உக்காந்திருக்காரு. அழுகின ஆப்பிள் கதையையும் சொல்லுங்க: ஷில்லரப் பாக்கப் போன கதேக்கு மேசைகிட்ட உக்காந்ததும் தலைய சுத்திருச்சு, என்னடான்னு பாத்தா டிராயர் நிறைய அழுகின ஆப்பிள், அந்த வாசனை இல்லாம அவருக்கு வேலை ஓடாதுன்னு மனைவி சொன்னாங்களாம். பசங்களுக்கு இது பிடிக்கும்.

இனி மத்தியானம். புகன்வால்டுக்குக் கண்டிப்பா போகணும், ஆனா அதே நாள்ல வேணாம். 1937ல ஆரம்பிச்ச அந்த முகாம்ல 56,000 பேர் செத்திருக்காங்க, அதப் போயி மூணு மணிக்கு பஸ் புடிக்கற அவசரத்துல, காலைல ரெண்டு வீடு பாத்த களைப்போட பாக்கறது எனக்கு சரியாப் படல. அதேசமயம் ரெண்டும் சம்பந்தமே இல்லாத இடம்னு பையன் நினைச்சிடக் கூடாது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல குண்டு விழுந்து ஷில்லரோட சாமான் சேதமாயிடும்னு பயந்து, அதே மாதிரி நகல் செய்யச் சொன்னாங்க, அந்த நகல் மேசைய இழைச்சு செஞ்சது புகன்வால்ட் கைதிங்க. ஷில்லர் ரூம்ல நிக்கும்போதே யாராவது இத அவங்களுக்குச் சொல்லணும்.

பேரன்ட்ஸ் மீட்டிங்ல டீச்சர்கிட்ட பேசிப் பாருங்க, முகாமுக்குத் தனியா ஒருநாள் ஒதுக்க முடியுமான்னு. லைப்சிக்ல இருந்து டிரெயின்ல ஒரு மணி நேரம் சொச்சம்தான, முடியாத காரியமில்ல. முடியாதுன்னுட்டாங்கன்னா முகாமுக்கு மட்டும் நீங்களே ஒரு லீவு நாள்ல கூட்டிட்டுப் போங்க. டூருக்கு முந்தின நாள் ராத்திரி டெல் நாடகத்துல அப்பா மகன் தலைமேல இருக்கற ஆப்பிள அம்பால அடிக்கற அந்த ஒரு காட்சிய ரெண்டு பேரும் சேந்து ஜெர்மன்ல சத்தமா வாசிங்க, உங்க உச்சரிப்ப அவன் திருத்தட்டும்.