சூலிச்செல்மாவில் வீடு பார்க்கலாமா?

தம்பி, வட நோர்வேயில் ஃபவுஸ்கேயில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டைச் சூலிச்செல்மாவில் பார்க்கலாமா, செப்புச் சுரங்கம் மூடிய பிறகு அது செத்துப்போன ஊராமே என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். சில நூறு பேர் இருக்கும் சின்ன ஊர்தான், ஆனால் செத்த ஊர் இல்லை. அதன் கதையைத் தெரிந்துகொண்டு போனீர்கள் என்றால் அயலவர்களோடு பழகுவது சுலபம்.

1858-ல் மொன்ஸ் பெத்தர் என்பவர்தான், வட நோர்வேயின் சாமி (Sámi) என்ற பழங்குடியைச் சேர்ந்தவர், அங்கே செப்புத்தாதைக் கண்டெடுத்தார். 1887-ல் நில்ஸ் பெர்சன் என்ற சுவீடன்காரர் தோண்டத் தொடங்கினார், 1891-ல் சுரங்கக் கம்பனி வந்தது. பிறகு நோர்வேயின் பல பக்கங்களிலிருந்தும் சுவீடனிலிருந்தும் ஆட்கள் வேலை தேடி வந்து குடியேறினார்கள். பிழைக்க வந்தவர்கள் கட்டிய ஊர் அது. வெளியூர்க்காரன் என்று நீங்கள் கூச்சப்படத் தேவையே இல்லை.

அந்தக் காலத்தில் அங்கே நிலம், வீடு எல்லாமே கம்பனியுடையவை. 1907 ஜனவரியில், தொழிலாளர்கள் இலக்கமிட்ட ஈயத் தகட்டை உடம்பில் மாட்டிக்கொண்டு வேலைக்கு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மனிதனுக்கு இலக்கமா என்று ஊரே கொதித்தது. கூடிப் பேசலாம் என்றால் நிற்கிற நிலமும் கம்பனியுடையது. அதனால் உறைந்துகிடந்த லாங்வத்ன ஏரிக்கு நடந்தார்கள். அது யாருடைய நிலமும் இல்லையே! ஜனவரி 13 அன்று ஏறக்குறைய 1,300 பேர் அந்தப் பனிக்கட்டியின் மேல் நின்று தொழிற்சங்கம் அமைக்க முடிவெடுத்தார்கள். இன்று நோர்வேயில் நாங்கள் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் தலைநிமிர்ந்து கேட்கிறோம் என்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். வேலையில் சேர்ந்ததும் சங்கத்தில் சேருங்கள். சந்தாக் காசைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

சுரங்கம் 1991-ல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். முதலில் சுரங்க அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்விட்டு வந்து அவர்களிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். வாய் திறக்காத நோர்வேக்காரரும் பேசத் தொடங்குவார்.

சரி, போக்குவரத்து. ஃபவுஸ்கேயிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். 1972 வரை ஊருக்கு வீதியே இல்லை, ரயில்தான். அதற்கும் முந்திய காலத்தில் கொஞ்சத் தூரம் படகில் போகவேண்டும். பிறகு ரயிலை நிறுத்திவிட்டு அந்தத் தடத்திலேயே வீதி போட்டார்கள். பழைய ரயில் சுரங்கப்பாதைகளுக்குள்தான் கார் ஓட்டப்போகிறீர்கள், அதனால் நிதானமாகப் போங்கள். வடக்கில் ஆணி டயர் (பனியில் வழுக்காமல் இருக்க ஆணி பதித்த டயர்) ஒக்டோபர் 16-லிருந்து போடலாம். முதல் பனி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நடுக்குளிர் காலத்தில் சுற்றியுள்ள மலைகள் சூரியனை மறைத்துவிடும். மனைவி பிள்ளைகளையும் கூப்பிடுவதாக இருந்தால் இதை அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கோடையில் வீட்டைப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போடாமல், டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு வேலை நாளில் காலையும் மாலையும் அந்த வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.