சேரை உள்ள தள்ளு தம்பி

அன்புள்ள அண்ணா,

நான் சின்ன வயசுல இருந்து லண்டன் கிளப் ஆர்சனலோட வெறியன். ஞாயித்துக்கிழமைகள்ல எங்க ஏரியா பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித்தர்றேன். ஆர்சனலுக்கும் பிரான்ஸுக்கும் ஆடின தியரி ஹென்றி மாதிரி ஒரு ஸ்ட்ரைக்கர், பிரெஞ்சு லீக் கிளப் மொனாகோவுக்கு கோச்சா போய் மூணே மாசத்துல ஏன் கவுந்தார்? பெரிய பிளேயருக்கு சொல்லித்தர வராதா? அதே பிரான்ஸ் டீம்ல ஆடின ஜிடானுக்கு மட்டும் எப்படி வந்துச்சு? ஆனா பிரஸ் மீட்ல ஒரு பையனை முறைச்சே சேரை உள்ள தள்ள வெச்சாரே, அந்த கிளிப் பார்த்தா இப்பவும் புல்லரிக்குது. என் பசங்களுக்கும் போட்டுக் காட்டினேன். அயர்லாந்து மேட்ச்ல பந்தை கையால தொட்டதைப் பத்தியும் சொல்லுங்க.

தம்பி,

ஜிடானை விடுங்க, அது வேற கதை. கை விஷயம் 2009ல நடந்தது, கைல பட்டுச்சுன்னு ஹென்றியே ஒத்துக்கிட்டார், அதை இன்னும் எத்தனை வருஷம் நோண்டுவீங்க. மொனாகோவா, அவர் 2018 அக்டோபர்ல போறப்பவே டீம் லீக்ல கடைசிக்குப் பக்கத்துல, 18வது இடத்துல கிடந்துச்சு, ஜனவரில அனுப்புறப்ப 19. பாதி பேருக்கு காயம். யாரைத் தூக்கிட்டு இவரைக் கொண்டாந்தாங்களோ அதே ஜார்டிமைத்தான் திரும்பக் கூப்பிட்டாங்க, இதுக்கு மேல என்ன சொல்ல.

எனக்கு உறுத்துறது உங்க புல்லரிப்புதான். நானும் அன்னிக்கு சிரிச்சுக்கிட்டே அந்த கிளிப்பை நாலு குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணவன், அதனாலதான் சொல்றேன். இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. பாடியாஷில்னு டிஃபெண்டர், 17 வயசு. பேசி முடிச்சு எழுந்து போறான், சேர் வெளியவே நிக்குது. ஹென்றி ஒரு வார்த்தை பேசல, சேரைப் பார்க்கறார், பையனைப் பார்க்கறார். பையன் திரும்பி வந்து தள்ளிட்டுப் போறான். சேரைப் பார்க்காதீங்க, பையன் மூஞ்சியைப் பாருங்க, எதிர்ல இத்தனை கேமரா. இதுவா ஒழுக்கம்? ஒழுக்கம் சொல்லிக் குடுத்த அதே மனுஷன் அடுத்த மாசமே எதிர் டீம் பிளேயரோட பாட்டியை இழுத்து திட்டிட்டு அப்புறம் மன்னிப்பு கேட்டார், தெரியுமா?

அந்தப் பார்வை அவருக்கு எங்க இருந்து வந்துச்சுன்னுதான் நான் ரொம்ப நாளா யோசிக்கறேன். அவங்க அப்பா குவாதலூப் தீவுக்காரர், வீடு பாரிஸ் பக்கத்துல லெஸ் யூலிஸ். பொறந்த குழந்தையை கைல வாங்கினதுமே இவன் பெரிய ஃபுட்பாலர் ஆவான்னு சொன்னவர். ஹென்றியே சொன்ன கதை ஒண்ணு இருக்கு, 15 வயசு இருக்கறப்ப ஒரு மேட்ச், 6-0ன்னு ஜெயிக்கறாங்க, ஆறும் இவன் அடிச்சது, வெளிய வந்தா அப்பா சந்தோஷமான்னு கேக்கறார், ஆமான்னான், சந்தோஷப்படாத, அந்த பந்தை கன்ட்ரோல் பண்ணாம விட்ட, அந்த கிராஸை கோட்டை விட்டன்னு வரிசையா ஆரம்பிச்சுட்டார். ஆறு கோல் தம்பி, ஆறு!

இதுக்கு நேர் எதிர், அப்ப ஆர்சனல் கோச்சா இருந்த வெங்கர். 1999ல இத்தாலி கிளப் யுவென்டஸ்ல விங்ல ஓடிக் களைச்சுப் போன ஹென்றியை வாங்கிட்டு வந்து நடுவுல ஸ்ட்ரைக்கரா நிறுத்தினார். ஆரம்பத்துல மேட்ச் மேல மேட்ச் கோலே விழல. மனுஷன் முறைக்கல, தொடர்ந்து ஆட விட்டார். அந்த சீசன் முடியறப்ப 26 கோல், ஆர்சனலுக்காக அடிச்ச மொத்தக் கணக்கு இன்னும் பெருசு, 228. ரெண்டு மாதிரி வாத்தியாரையும் பார்த்தவர்தான் ஹென்றி, ஆனா பிரஷர் வந்தா நமக்குள்ள இருந்து முதல்ல எட்டிப் பார்க்கறது அப்பாதான்.

எனக்கும்தான். என் பையன் எட்டாவது படிக்கறப்ப ஷட்டில் சொல்லித்தர்றேன்னு கிளம்பினேன். ஒரு நாள் அவன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி "பேட்டை இப்படியாடா பிடிப்பாங்க, கரண்டி மாதிரி"ன்னு கேட்டுட்டேன். அன்னிக்கு அவனும் ஒண்ணும் பேசல. அடுத்த வாரம் பேட் பரண்ல ஏறிடுச்சு. போன பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கறப்ப எடுத்தேன், கைப்பிடி டேப் பிசுபிசுன்னு உள்ளங்கைல ஒட்டுச்சு. சரி, என் கதை எதுக்கு.

மொனாகோவோட நிறுத்திட்டீங்களே, மீதியைப் பார்க்க வேணாமா. அதுக்கப்புறம் கனடால மான்ட்ரியல் டீமுக்கு கோச்சா போனார், கொரோனா வந்துச்சு, லண்டன்ல இருக்கற குழந்தைங்களை ஒரு வருஷம் பார்க்க முடியல, கிட்டத்தட்ட தினமும் அழுதேன், ஆடின காலம் பூரா டிப்ரஷன் இருந்திருக்கணும்னு 2024ல அவரே வெளிப்படையா சொன்னார். 2021ல வேலையை விட்டுட்டு குழந்தைங்ககிட்ட போனார். இதுக்கு யாருக்கும் புல்லரிக்கல.

அப்புறம்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக், பிரான்ஸ் டீமுக்கு இவர் கோச். பிரான்ஸோட பெரிய ஸ்டார் எம்பாப்பே கிடையாது, கேட்ட பல பேரை கிளப்காரங்க விடல, கிடைச்ச பசங்களை வெச்சுக்கிட்டு ஃபைனல் வரைக்கும் போனார். ஸ்பெயின் 3-1ன்னு முன்னாடி இருக்கு, 79வது நிமிஷம் அக்லியூஷ் ஒண்ணு, இஞ்சுரி டைம்ல மட்டெட்டா பெனால்டில ஒண்ணு, 3-3. கூடுதல் நேரத்துல 5-3ன்னு தோத்தாங்க, வெள்ளி. பத்து நாள்ல ராஜினாமா.

ஞாயித்துக்கிழமை உங்க பசங்களுக்கு ஏதாவது போட்டே ஆகணும்னா அந்த மேட்ச்ல 75வது நிமிஷத்துல இருந்து போடுங்க. தோக்கற வரைக்கும் போடுங்க, 3-3ல நிறுத்திடாதீங்க. அவங்க எழுந்து போனதும் சேரை நீங்களே உள்ள தள்ளிக்கோங்க.