புளி போட்டுத் தேய்த்த பித்ரி ஜாடி

கேள்வி: போன வருஷம் ஒரு கைவினைக் கண்காட்சியில், கறுப்பு உடம்பில் வெள்ளிக் கொடி ஓடும் பித்ரி பூ ஜாடி வாங்கினேன். வெள்ளி மங்கியதால் புளி போட்டுத் தேய்த்தேன். இப்போது கறுப்பு வெளுத்து, அங்கங்கே சாம்பல் திட்டாக இருக்கிறது. வெறும் பெயின்ட்டைத் தலையில் கட்டிவிட்டார்களா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: பெயின்ட்டாக இருந்திருந்தால் புளிக்கெல்லாம் இவ்வளவு சுலபமாக அசைந்திருக்காது. உங்கள் ஜாடி அசலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கர்நாடகத்தின் பீதரில் செய்யப்படும் இந்தப் பாத்திரங்களின் உடம்பு முக்கால்வாசிக்கும் மேல் துத்தநாகம். கூடவே கொஞ்சம் செம்பு. வார்த்து, அரத்தால் ராவி, மயில்துத்தக் கரைசலைப் பூசித் தற்காலிகமாகக் கறுக்க வைப்பார்கள். அப்போதுதான் உளிக்கோடு கண்ணுக்குத் தெரியும். செதுக்கிய பள்ளத்தில் வெள்ளிக் கம்பியை வைத்துத் தட்டி இறக்குவார்கள். இதற்குத் தார்கஷி என்று பெயர். கடைசியில்தான் வித்தை. பீதர் கோட்டையின் பழைய மண்ணோடு நவச்சாரத்தைக் குழைத்து, சூடான பாத்திரத்தில் தேய்ப்பார்கள். துத்தநாகக் கலவை மட்டும் அட்டைக்கரியாகிவிடும். வெள்ளி அப்படியே நிற்கும். அந்த மண்ணில் வெடியுப்பு இருக்கிறது. கலவையில் செம்பு இல்லாவிட்டால் அந்தக் கறுப்பு பிடிக்காது.

ஆக, கறுப்பு என்பது உலோகத்தின் மேலேயே விளைந்த மெல்லிய தோல். துத்தநாகத்துக்குப் புளிப்பு ஆகவே ஆகாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழகிய கை, பாவம், இங்கேயும் புளியைத் தேடிவிட்டது! எலுமிச்சை, பீதாம்பரிப் பொடியும் வேண்டாம்.

லேசான திட்டு என்றால் தேங்காய் எண்ணெயைத் துளி தொட்டு மெல்லிய துணியால் தேய்த்துப் பாருங்கள், ஓரளவு மறையும். நிறைய வெளுத்திருந்தால், பித்ரி கைவினைஞரால் அதே மண்ணைக் கொண்டு மறுபடி கறுக்க வைக்க முடியும். வெள்ளிக்குச் சேதம் வராது.

பணம் திரும்பக் கேட்பது சரிவராது. தவறு விற்றவருடையது இல்லை. ‘எதில் கழுவினாலும் கறுப்பு போகாது’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இன்னும் சந்தேகமா? கையில் தூக்கிப் பாருங்கள்: அலுமினியப் போலி பஞ்சாகத் தெரியும், துத்தநாகம் அதைப்போல இரண்டரை மடங்கு கனம். அப்புறம், அடிப்பக்கத்தில் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் தடவுங்கள். பஞ்சு கறுத்தால், அது பெயின்ட்தான். அப்படியானால் பில்லோடு போய்ச் சண்டை போடலாம்.